ஊக்கமும் வெக்கையும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கும் பசுவந்தனைக்கும் கடலையூருக்கும் பிரிந்து செல்லும் சாலைகளில், கிழக்கு வெளுக்கும் முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கோ படைத்துறைத் தேர்வுக்கோ அணியமாகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர் தேர்வில் ஆண்களுக்கு வைத்திருக்கும் ஓட்ட அளவு, 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடப்பது. அறிவிப்பு வெளியான நாள்முதல் சாலை நிறைந்திருக்கும். தேர்வு முடிந்த மறுவாரம் அதே சாலை வெறிச்சோடிவிடும். வென்றவர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார். தோற்றவர் அடுத்த அறிவிப்பு வரும்வரை காலணியைத் தேடுவதில்லை.

கரிசல் ஊர்களில் வேறு வகை ஓட்டக்காரரும் உண்டு. கடைக் கணக்கர், பள்ளி ஆசிரியர், ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று இவ்வூர் வழங்கும் தொழிற்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவர் எனத் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே நெடுந்தொலைவு ஓட்டத்தைப் பழகுகிறவர்கள் இவர்கள். சனவரியில் சென்னையிலும் பிப்ரவரியில் ஆரோவில்லிலும் நடக்கும் மாரத்தான்களில் 21 கிலோமீட்டரோ 42 கிலோமீட்டரோ ஓடி முடிப்பது இவர்களின் இலக்கு. வேலை கிடைக்காது, காசு வராது, பதக்க மேடைக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. ஆயினும் நான்கு மாதம், ஐந்து மாதம், நாள்தோறும் எழுந்து ஓட வேண்டும். பலர் இடையில் நின்றுவிடுகிறார்கள். நின்றவர் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றே: ‘மனசு ஓடலை.’

இதை மனவுரம் இல்லாமையாகக் கொள்வது நம் வழக்கம். கடந்த அரை நூற்றாண்டு உடலியங்கியலும் உளவியலும் காட்டுவது வேறு. வெப்பம், களைப்பு, குருதியின் நிலை, எதிர்பார்க்கும் பயன், உடன் வருவோர் ஆகிய அனைத்தையும் மூளை நாள்தோறும் எடைபோட்டு ஒரு விடை காண்கிறது. அந்த விடையையே ஊக்கம் என்றும் சோர்வு என்றும் நாம் உணர்கிறோம். கணக்கில் புகும் எண்கள் தவறாக இருந்தால் விடையும் தவறாகும். கரிசல் நிலத்து ஓட்டக்காரர் பலர் தளர்வதற்கு, குளிர்நாட்டு எண்களைக் கொண்டு தம்மை அளப்பதே முதற் காரணம் என்பது என் துணிபு.

சாலை ஏன் வெறிச்சோடுகிறது என்பதற்கு 1971இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டெசி வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. கல்லூரி மாணவர் 24 பேரிடம், கட்டைகளைப் பொருத்தி உருவம் அமைக்கும் புதிர் ஒன்றை அவர் கொடுத்தார். மூன்று அமர்வுகள் நடந்தன. இரண்டாம் அமர்வில் மட்டும், அவருள் பாதிப்பேருக்குப் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் வழங்கப்பட்டது. மூன்றாம் அமர்வில் எவருக்கும் காசில்லை. ஒவ்வோர் அமர்விலும் ஆய்வர் ஏதோ சாக்குச் சொல்லி 8 நிமிடம் வெளியே போவார். படிப்பதற்கு இதழ்களும் பக்கத்தில் கிடக்கும். கேட்பார் இல்லாத அந்த 8 நிமிடத்தில் யார் தாமாகவே புதிரைத் தொடுகிறார் என்பதே உண்மையான சோதனை. காசு பெற்றுப் பழகியவர்கள், காசு நின்றதும், முதல் அமர்வில் தமக்கிருந்த ஈடுபாட்டைக்கூட இழந்திருந்தனர். இன்னொரு சோதனையில், காசுக்கு மாறாகச் சொல்லால் பாராட்டப்பட்ட மாணவரிடம் அந்த இழப்பு இல்லை.

டெசியும் அவருடைய தோழர் ரிச்சர்டு ரையனும் பின்னாளில் இதை ஒரு கோட்பாடாக விரித்தனர். தான் விரும்பித் தேர்ந்தது என்ற எண்ணம், நாளுக்கு நாள் கைவந்து வருகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்றும் உள்ள செயலே நீடிக்கும் என்பது அதன் சாரம். காவலர் தேர்வுக்கு ஓடும் இளைஞரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அவருக்கு ஓட்டம் ஒரு கடவுச்சீட்டு. ஆனால் பொழுதுபோக்காக ஓட வந்தவரும் தமக்கென ஒரு தேர்வு வாரியத்தைத் தாமே அமைத்துக்கொள்வதுதான் வியப்பு. கைக்கடிகாரம், செயலி, நண்பர் குழுவில் இடும் படம், பதக்கம் தொங்கும் சுவர் எல்லாம் அவ்வாரியத்தின் உறுப்பினர்கள். ஆரோவில்லில் 2008 முதல் நடந்துவரும் மாரத்தானில் பரிசும் இல்லை, வெற்றியாளர் அறிவிப்பும் இல்லை. காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓடி வருவதே அங்கு நிகழ்ச்சி. அதற்கும் ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள் என்பதை டெசியின் ஆய்வோடு சேர்த்துப் படிக்கலாம்.

எண்களை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. எண்களுக்கு உடலின் மேல் எவ்வளவு ஆட்சி உண்டு என்பதைப் ஆய்வர் நால்வர் 2017இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. மாரத்தான் ஓடி முடித்தோரின் நேரப் பதிவுகள் ஏறத்தாழ 98 இலட்சத்தை அவர்கள் தொகுத்தனர். 3 மணி, 3½ மணி, 4 மணி ஆகிய முழு எண்களுக்குச் சற்று முன்பாக முடித்தவர் திரளாகவும், சற்றுப் பின்பாக முடித்தவர் அருகியும் காணப்பட்டனர். 40 கிலோமீட்டர் கடந்து கால்கள் ஓய்ந்த நிலையிலும், எட்டும் தொலைவில் ஒரு முழு எண் தெரிந்தால் எஞ்சிய 2 கிலோமீட்டரில் விரைவு கூட்ட மனிதரால் முடிகிறது. அப்படியானால் ‘இனி ஓரடி வைக்க முடியாது’ என்று அதற்குச் சற்று முன்பு உடல் சொன்னது முழு உண்மையாக இருக்க முடியாது.

இந்த ஐயத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர் சாமுவேல் மார்கோரா. 2009இல் அவரும் தோழரும் 16 பேரை ஆய்ந்தனர். ஒரு நாள், 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கூர்ந்து நோக்கி விடையளிக்கும் சலிப்பூட்டும் வேலை கொடுத்தனர். வேறொரு நாள், அதே 90 நிமிடம் ஆவணப்படம் காட்டினர். அதன்பின் நிலைமிதிவண்டியில் ஒரே சுமையை வைத்து, முடியும்வரை மிதிக்கச் சொன்னார்கள். மூளை களைத்த நாளில், அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னதாகவே நிறுத்திவிட்டனர். நெஞ்சத் துடிப்பிலும் குருதியிலும் தசையிலும் அந்த வேறுபாட்டை விளக்கும் குறை எதுவும் தென்படவில்லை. வேறுபட்டது ஒன்றே: மிதிக்கத் தொடங்கிய நொடியிலிருந்தே வேலை கடினமாகத் தோன்றியது.

நாள் முழுதும் பேரேட்டைப் பார்த்த கணக்கர், மாலை 6 மணிக்கு ஓடப் போகும்போது கால் கனப்பதன் பொருள் இதுதான். கால் களைக்கவில்லை, முயற்சியை மூளை உணரும் அளவு உயர்ந்திருக்கிறது. இத்தகையவர் மாலையில் விரைவோட்டப் பயிற்சியை வைத்துக்கொண்டு, ‘எனக்கு வராது’ என்று முடிவுகட்டுவது வீண். கடினமான பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டு, மாலையில் மெல்லோட்டம் போனாலே பாதிச் சிக்கல் தீரும்.

இனி நிலத்துக்கு வருவோம். மாரத்தான் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் எழுதப்பட்டவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும். பாரிசு, இலண்டன், பெர்லின், பாசுடன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு நகரங்களில் 2001 முதல் 2010 வரை ஓடிய ஏறத்தாழ 18 இலட்சம் பேரின் பதிவுகளைப் பிரெஞ்சு ஆய்வர்கள் ஆராய்ந்தபோது, ஓட்டத்தின் விரைவைத் தட்பவெப்பக் காரணிகளுள் மிகுதியாகத் தீர்மானிப்பது வெப்பநிலையே என்று கண்டனர். 10 பாகை செல்சியசையோ அதற்கும் குறைவையோ ஒட்டிய குளிரே ஓட்டத்துக்கு உகந்தது. அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற விரைவு குறைகிறது, இடையில் நிற்போர் தொகை கூடுகிறது. கோவில்பட்டியில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை. சித்திரையிலும் வைகாசியிலும் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது இயல்பு. உலகின் பெருநகர ஓட்டங்களில் ‘கடும் வெப்பம்’ என்று குறிக்கப்படும் நாள், இங்கே ஆண்டின் மிகக் குளிர்ந்த நாள்.

வெப்பம் உடலுக்குள் செய்வது என்ன? ஓடும்போது எரியும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். 450 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பத்தை அவர் உடல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. கரிசலின் கோடை நடுப்பகல் காற்று வறண்டது, ஆனால் வெயில் கொல்லும். விடியற் காற்றில் வெயில் இல்லை, ஆனால் ஈரப்பதம் மிகுதி. நம் ஓட்டக்காரர் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

தசைக்குப் போக வேண்டிய குருதியில் ஒரு பகுதி வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குப் போகிறது. எஞ்சியதைக் கொண்டு அதே வேகத்தில் ஓட நெஞ்சம் கூடுதலாகத் துடிக்கிறது. அதே 5 கிலோமீட்டர், அதே 30 நிமிடம். மார்கழியில் எளிதாயிருந்தது பங்குனியில் மூச்சு வாங்க வைக்கும். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தேய்வென்று கருதி மனம் உடைகிறார். உண்மையில் அவர் தேயவில்லை, வெக்கைக்குரிய வரியைக் கட்டுகிறார். 10 முதல் 14 நாள் வெயிலில் அளவாகப் பழகினால் உடல் தன் பங்கைச் செய்யும்: குருதி நீர்மம் பெருகும், வியர்வை முன்னதாகச் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும்.

ஆகவே இந்நிலத்துக்குக் கடிகாரத்தைக் காட்டிலும் பொருந்தும் அளவுகோல் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது. முயற்சி எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரையான எண்ணால் ஓடுபவரே சொல்வது அவர் முறை. 6 என்பது ஓய்வு. 20 என்பது இயன்றதன் எல்லை. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நலமான இளைஞரின் நெஞ்சத் துடிப்புக்கு அருகில் வரும். ‘இன்று 12இல் ஒரு மணி நேரம்’ என்று திட்டமிடுபவரை வைகாசியும் தோற்கடிக்க முடியாது. மெதுவாக ஓடியிருப்பார், ஆனால் திட்டமிட்டதைச் செய்து முடித்திருப்பார். கைவந்து வருகிறது என்ற உணர்வு, மேலே சொன்ன கோட்பாட்டின்படி, அங்கேதான் பிறக்கிறது.

வெப்பத்துக்கு அடுத்தது மண். கரிசலின் களியில் மாண்ட்மோரில்லோனைட்டு என்னும் கனிமம் மிகுந்திருக்கிறது. அதன் நுண்படலங்களுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். கோடையில் கால்விரல் நுழையும் அளவு வெடிப்பு விடுவதும், ஐப்பசியில் காலணியோடு அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் எடை கூடுவதும் ஒரே கனிமத்தின் வேலை. புரட்டாசியில் மானாவாரி விதைப்பு தொடங்கினால் காட்டுக்குள் கால்வைக்க இடமில்லை. ஆண்டில் சில மாதமே மண்ணில் ஓடலாம். மற்ற நாளெல்லாம் தார்ச்சாலைதான். சரள் போட்ட கண்மாய்க்கரை கிடைத்தவர் நற்பேறு பெற்றவர்.

தாரில் ஓடுபவரைத் தேநீர்க் கடையில் நிறுத்தி, “இப்படி ஓடுனா முட்டு தேஞ்சு போகும் அண்ணாச்சி” என்று சொல்லாத ஊர் இல்லை. இச்சொல் எத்தனை பேரை நிறுத்தியிருக்கும் என்று கணக்கெடுத்தவர் இல்லை. முழங்காலைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுபவரிடம் 3.5 விழுக்காடாகவும், ஓடாமல் உட்கார்ந்து வாழ்பவரிடம் 10.2 விழுக்காடாகவும் இருந்தது. போட்டிக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட தொழில்முறை ஓட்டக்காரரிடம் மட்டும் 13.3 விழுக்காடு. தரையின் கடினத்துக்கு ஏற்பக் கால் தன் விறைப்பை ஓரிரு அடியிலேயே மாற்றிக்கொள்ளும் என்பதும் 1990களின் ஆய்வுகளில் நிறுவப்பட்டது. முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் தார் அல்ல, அவசரம்.

அவசரத்துக்கும் காவலர் தேர்வுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி. இதே விரைவில் மாரத்தான் முழுதும் ஓடினால் 3 மணி 17 நிமிடத்தில் முடிந்துவிடும். உலகெங்கும் பொழுதுபோக்கு ஓட்டக்காரருள் மிகச் சிலரே எட்டும் நேரம் அது. இளமையில் அந்தத் தேர்வுக்கு ஓடியவர், பத்தாண்டு கழித்து மீண்டும் ஓட வரும்போது கால் அந்தப் பழைய விரைவையே தேடுகிறது. இரண்டு கிலோமீட்டரில் மூச்சு முட்டி நிற்கிறார், மறுநாள் வருவதில்லை. உலகத்தர நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களே தம் பயிற்சியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எளிதான விரைவில்தான் செய்கிறார்கள் என்று கண்டார். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே எளிய விரைவு. முதல் இரண்டு மாதத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

பேசிக்கொண்டு மெல்ல ஓடுவதால் என்ன வளரும் என்று கேட்கலாம். 1967இல் அமெரிக்க ஆய்வர் ஜான் ஹாலோசி, எலிகளை ஓடுபொறியில் வாரக்கணக்கில் ஓடவிட்டு அவற்றின் தசையை ஆராய்ந்தார். உயிரணுவின் ஆற்றல் உலையாகிய இழைமணிகளில் உள்ள மூச்சு நொதிகள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. நீடித்து ஓடும் திறனின் அடித்தளம் அதுதான். குருதி நீர்மம் சில நாளிலேயே பெருகிவிடும். இழைமணிகளுக்கும் நுண்குழல்களுக்கும் வாரங்கள் வேண்டும். தசைநாணும் எலும்பும் இன்னும் தாமதம். மூச்சு விரைவில் கைவந்துவிடுகிறது, கெண்டைக்கால் எலும்பு பின்தங்கிவிடுகிறது. ஆர்வம் மிக்க புதியவருக்கு ஆறாம் ஏழாம் வாரத்தில் கீழ்க்கால் வலி வருவதன் கதை இது. வலி வந்தபின் ஊக்கத்தைத் தேடிப் பயனில்லை.

இடைவெளி விழுந்தால் என்னாகும்? கோவில் கொடை, வீட்டில் ஒரு நிகழ்ச்சி, அடைமழை, காய்ச்சல் என ஏதேனும் ஒன்று பத்து நாளை விழுங்கிவிடும். அதன்பின் ‘எல்லாம் போச்சு’ என்று விட்டுவிடுகிறவர் மிகப் பலர். எட்வர்டு காயிலும் தோழரும் 1984இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் அறிவது நலம். நன்கு பயின்ற ஏழு பேர் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, உடல் உயிர்வளியை ஏற்கும் உச்சத்திறன் முதல் இரண்டு மூன்று வாரத்தில் 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரத்துக்குப் பின் 16 விழுக்காட்டுக் குறைவில் நிலைத்தது. ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தும், அவர்கள் தசையின் நொதிகள் ஒருபோதும் பயிலாதவரின் அளவுக்கு இறங்கிவிடவில்லை. பத்து நாள் விடுப்பில் போவது சிறிது. அதுவும் திரும்ப வரக்கூடியது.

பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட ஆன நாள்களின் நடு அளவு 66; விரைவாக எட்டியவருக்கு 18, தாமதமானவருக்கு 254 என்று கணிக்கப்பட்டது. உடற்பயிற்சி, உண்பது குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிடத் தாமதமாகவே படிந்தது. ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு எதுவும் நேரவில்லை. 22ஆம் நாளும் எழுந்திருக்கக் கடினமாக இருக்கிறதே என்று வருந்துகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

ஊக்கக் குறைவு என்று நாம் நினைப்பது சில வேளை குருதிக் குறைவாக இருக்கும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உண்டு. குருதிச் சிவப்பணுவில் இரும்பு குறைந்தால் தசைக்கு உயிர்வளி குறையும். எளிய ஓட்டமும் மலையேற்றமாகும். அப்பெண்ணிடம் மனவுறுதி பற்றிப் பேசுவது கொடுமை. ஓடத் தொடங்கும் எவரும், குறிப்பாகப் பெண்கள், அரசு மருத்துவமனையில் ஈமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது முதற் கடமை. கம்பங்கூழைச் சிற்றுண்டியாகக் கண்ட நிலம் இது. கம்பில் இரும்பு மிகுதி. ஆயினும் சோகை முற்றியவருக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்கு ஈடாகக் கூழைச் சொல்ல மாட்டேன்.

உணவென்றதும் இவ்வூரின் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். 60 கிலோ உடலுக்கு மாரத்தான் ஓட ஏறத்தாழ 2500 கிலோகலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருப்பது ஏறத்தாழ 2000. முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிக் கால்கள் கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடுவதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு காரணம். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து இடையிடையே வேண்டும். கடலைமிட்டாயின் வெல்லம் அதற்குப் பொருந்தும். கடலையின் கொழுப்பு இரைப்பையை விட்டு மெல்லத்தான் நகரும். ஓடும்போது வாழைப்பழமும் வெல்லமும், ஓடி முடித்தபின் கடலைமிட்டாய் என்பதே முறை. நீரும் அப்படியே: தாகத்துக்குக் குடிப்பது போதும். 2002ஆம் ஆண்டு பாசுடன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்ததே அதற்கு முதன்மைக் காரணம்.

துணையின் ஆற்றலை 1898லேயே நார்மன் டிரிப்லெட் எழுதினார். தனியாக மிதிப்பதைவிடப் பிறரோடு சேர்ந்து மிதிக்கும்போது மிதிவண்டி வீரரின் நேரம் குறைவதைப் பதிவேடுகளில் கண்டவர் அவர். ஓட்டக் குழுக்களுக்கு அறிவியல் அடிப்படை அங்கேயே கிடைத்துவிட்டது. ஆயினும் சிறு ஊரில், அகவை முதிர்ந்தவருக்கு, குழுவைக் காட்டிலும் பயன்படுவது ஒரு முன்மாதிரி. தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக 2021இல் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், 2004இல் விபத்தில் முழங்கால் பழுதுபட்டவர். ஐம்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். அரசியல் ஒருபுறம் இருக்க, சர்க்கரை நோயோடு வாழும் நடுத்தர அகவையினர் பலரைச் சாலைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்குண்டு. பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங், மகனை இழந்த துயரத்துக்குப் பின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தம் 89ஆம் அகவையில் முதல் மாரத்தானை இலண்டனில் ஓடினார். பிறப்புச் சான்று இல்லாததால் அவர் அகவை உலகச் சாதனைப் பதிவேட்டில் ஏறவில்லை. அவர் ஓடிய தொலைவு ஏறியிருக்கிறது.

கரிசல் ஊரில் ஒரு பெண் ஓட நினைத்தால், மேலே சொன்ன கணக்கில் நாம் எழுதாத ஒரு பெருஞ்செலவு சேர்கிறது. விளக்கில்லாச் சாலை, நாய், பார்வைகள், வீட்டில் முதல் அடுப்புப் பற்றவைக்க வேண்டிய நேரம். 42 கிலோமீட்டர் பெண்ணுடலுக்கு ஆகாது என்ற எண்ணத்தால் 1984வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே இல்லை. அந்தத் தடையை உடலியங்கியல் நீக்கிவிட்டது. சாலையின் இருளை நீக்க வேண்டியது நகராட்சி. செயற்கைப் புல் திடல் அமைத்து வளைகோல் பந்தாட்டத்துக்குத் தேசிய அளவில் பெயர் பெற்ற ஊர் கோவில்பட்டி. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நலநடைப் பாதைகளைத் தொடங்கியது. கோவில்பட்டிக்கும் அப்படியொரு பாதை வேண்டும்: ஒரு கண்மாய்க்கரையில் சரள் விரித்து, கிலோமீட்டர்க் கல் நட்டு, விடியற்காலை நாலரை மணி முதல் விளக்கெரிய வேண்டும். பெரும்பணம் தேவைப்படும் வேலையன்று. நகர்மன்ற உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஓட நினைக்கும் வாசகருக்கு ஆண்டின் அமைப்பைச் சொல்லி முடிக்கிறேன். சென்னை மாரத்தான் வழக்கமாகச் சனவரித் தொடக்கத்தில் வரும். இந்நிலத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், பயிற்சியின் நடு மாதங்களில் பெய்துவிடும். 16 வார அட்டவணையை அப்படியே பின்பற்றிப் புரட்டாசியில் தொடங்கினால், மழை விழுங்கும் நாள்களுக்கு ஈடு இருக்காது. மேற்குக் கணவாய்க் காற்று கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் ஆடியிலேயே, எதிர்காற்றில் மெல்லோட்டமாகத் தொடங்கிவிடுங்கள். அதற்கு முன் குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.